ரசத்தில் விட்ட இடம்

"என் உலாவியை விட வேகமா ஒண்ணு காட்டுங்கம்மா பார்ப்போம்! அப்புறம் ஏன் எல்லாரும் ஓடிப்போறாங்க?"

கேட்டுக்கொண்டே மடத்துக்குள் நுழைந்தார் மாசிலாமணி. சீடருக்கு வயது ஐம்பத்தாறு. குரு திலகவதிக்கு முப்பத்தொன்று.

"செருப்பு," என்றார் குரு.

போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவி ஒன்றை நான்கு வருடம் மாடாக உழைத்து உருவாக்கியிருந்தார் மனிதர். தொட்டால் போதும், பக்கம் வந்து நிற்கும். எட்டாயிரம் பேர் ஆசையாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் முந்நூறு பேர்தான் மிச்சம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஆள் சேரலைன்னா மூடிடச் சொல்லி அலுவலகத்துல சொல்லிட்டாங்கம்மா."

குரு அவர் கைபேசியை வாங்கினார். அந்த உலாவியில் ஒரு செய்திப் பட்டியலைத் திறந்து, கீழே கீழே போய், நாற்பதாவது செய்தியைத் திறந்தார். படித்துவிட்டு, பின்னால் போகும் அம்புக்குறியைத் தொட்டார்.

பட்டியல் முதல் செய்தியிலிருந்து புதிதாக வந்து நின்றது.

"கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துடுச்சு, பார்த்தீங்களா!" மாசிலாமணிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தேன். சாப்பிட உட்காருங்க."

குருவே பரிமாறினார். சாம்பார் முடிந்து, ரசத்துக்காகச் சோற்றில் குழி பறிக்கிற நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து அழைப்பு. மாசிலாமணி கைபேசியை இடது கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

திரும்பி வந்தால் அவர் இலையைக் காணோம். புது இலை. ஓரத்தில் உப்பு, ஊறுகாய், ஒரு கரண்டி பாயசம்.

"அம்மா, என் இலை?"

"எழுந்தீங்க. எடுத்துட்டேன். ஆனா புதுசு உடனே போட்டாச்சே."

மாசிலாமணி உட்கார்ந்தார். உப்பிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி ரசத்துக்கு வந்தார். மறுபடி அலுவலகம். ஓடிப் போய் ஓடி வந்தார்.

மறுபடி புது இலை. உப்பு, ஊறுகாய், பாயசம்.

"நான் ரசத்துல இருந்தேம்மா!" என்று கத்தியேவிட்டார்.

"இந்த ஊர்ல என்னை விட வேகமா இலை போட ஆள் கிடையாது, மாசிலாமணி."

"வேகத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? நான் விட்ட இடம் எங்க? இனிமே இங்க சாப்பிடவே வரமாட்..."



கைபேசியைப் பார்த்தார். அந்த அம்புக்குறியைப் பார்த்தார். குருவைப் பார்த்தார். கைகூடக் கழுவாமல் வாசலுக்குப் பாய்ந்தார்.

"ரசம்?" என்றார் குரு.

தெருவிலிருந்து குரல் வந்தது.

"வந்து சாப்பிடறேன்! இலையை எடுத்துடாதீங்க!"