உள்ளே தங்காத முனை

காட்டுக்கு வேலி இல்லாத காலம் அது. பன்றிக்கும் மனுசனுக்கும் ஒரே சுனையில்தான் தண்ணீராம். அந்தக் காலத்தில் மலையடிவாரத்தில் நாற்பது குடிசையோடு ஓர் ஊர் இருந்ததாம். அந்த ஊரில் செங்கான் என்று ஒரு வேட்டைக்காரன் இருந்தானாம்.

ஒருநாள் உச்சிவெயிலில் அவன் கொல்லுப் பட்டறைக்கு வந்து நின்றான்.

"அம்மணி, எனக்கு ஒரு அம்புமுனை வேணும்."

பட்டறைக்காரி வெள்ளாத்தாள் துருத்தியை விட்டு எழுந்தாள். அவனைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். புருசன் செத்த மறுமாதமே சுத்தியலைக் கையில் எடுத்தவள். இரும்பைப் பற்றிச் சந்தேகம் என்றால் அடுத்த மலையிலிருந்தும் அவளிடம்தான் வருவார்கள். அவள் அதிகம் பேச மாட்டாள். பேசினாலும் பாதி கேள்வியாகத்தான் இருக்கும்.

"எதுக்குங்கண்ணா?"

"பன்னிக்கு. ஒரே அம்புல விழணும். முனை உள்ள தங்கக் கூடாது. இந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம் வந்து விழுந்திரணும்."

அவள் அவன் தோளில் தொங்கிய அம்புக்கூட்டைப் பார்த்தாள். அதில் இருந்த அம்பெல்லாம் முள் வைத்தவை. முனைக்குப் பின்னால் இரண்டு கொக்கி. உடம்புக்குள் போனால் திரும்பி வராது. அத்தனையும் அவள் அடித்துக் கொடுத்தவை.

"முன்னே வந்தப்ப, தங்கணும்னு கேட்டீங்க."

"அது பத்து வருசத்துக்கு முந்தி."

"இப்ப?"

"இப்ப வேண்டாம்."

அந்த ஊர் வழக்கத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். வேட்டையில் விழுந்ததைப் பிளக்கும்போது யாருடைய முனை உள்ளே இருக்கிறதோ, அவனுக்குத் தலையும் ஒரு முன்தொடையும். மிச்சம் ஊருக்குப் பொது. ஒவ்வொருவன் முனையிலும் ஒரு அடையாளம் வெட்டியிருக்கும். செங்கானுக்கு மூன்று கோடு. உள்ளே முனை இல்லாதவனுக்குப் பேச்சே இல்லை.

பத்து வருசத்துக்கு முன்னால் செங்கான் விட்ட அம்பு ஒரு பெரிய பன்றியை ஊடுருவிப் போய் முட்புதரில் விழுந்து தொலைந்தது. பன்றி ஐந்தாறு எட்டு வைத்துச் சாய்ந்தது. சாயும்போது சடையன் விட்ட அம்பு அதன் பின்சப்பையில் குத்தி நின்றது. தலை சடையனுக்குப் போனது. மரியாதைக்கு அடிக்கிற தப்பட்டையும் அவனுக்குத்தான் அடித்தார்கள்.

மறுநாளே செங்கான் இந்தப் பட்டறைக்கு வந்து முள் வைக்கச் சொன்னான்.

இப்போது கேட்பதற்குக் காரணம் வேறு. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஏழு நாளைக்கு முன்னால் தனியாகப் போனவன், மூங்கில் பள்ளத்தில் ஒரு பன்றியை வயிற்றில் அடித்தான். அது அம்போடு ஓடிவிட்டது. இரண்டு நாள் கழித்து மூங்கில் வெட்டப் போன ராக்கியண்ணனை அது குத்திக் கிழித்தது. ராக்கியண்ணன் வேறு யாருமில்லை, செங்கானின் மச்சினன். தொடையில் எலும்பு தெரிகிறது. பன்றியின் வயிற்றில் ஒடிந்த அம்புக்கட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததை அவன் பார்த்திருக்கிறான்.

இப்போது அவன் கிடப்பது செங்கான் வீட்டில். காலையும் மாலையும் செங்கானின் பெண்டாட்டி பாவாயிதான் தம்பிக்கு மருந்து அரைத்துக் கட்டுகிறாள். கட்டும்போது சொல்வாள்.

"அடிச்சுப்போட்டுத் தேடாம போனானே ஒருத்தன், அவன் கை விளங்காம போகட்டும்."

செங்கான் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

ஊரே பன்றியைத் தேடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால் அவன் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே அம்பில் சாய்க்க வேண்டும். வயிற்றைக் கீறி மூன்று கோட்டு முனையை எடுத்துச் சுனையில் எறிந்துவிட வேண்டும். தன் முனை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது; புது முனையும் தங்கினால் அதைத் தோண்ட வேறு நேரம் போகும்.

வெள்ளாத்தாள் மேற்கொண்டு காரணம் கேட்கவில்லை. மூன்று முனையை எடுத்துப் பலகையில் வைத்தாள். ஒன்று அரசிலை போல அகலம். ஒன்று முள் வைத்தது. ஒன்று வேப்பிலை போல ஒல்லி.

"எடுத்துக்குங்க."

அவன் அகலமானதைத் தொட்டான். "பெருசா வெட்டினாச் சீக்கிரம் சாகும்."

"அடிச்சுப் பாருங்க."

பட்டறைக்குப் பின்னால் குலை வெட்டிய வாழைமரம் ஒன்று நின்றது. அதன்மேல் ஈர ஆட்டுத்தோலைச் சுற்றிக் கட்டினாள்.

செங்கான் இருபது தப்படி தள்ளி நின்று அம்பை விட்டான். அம்பு தோலைக் கிழித்தது. இரண்டு விரற்கடை போய் நின்று தலையாட்டியது.

"காத்து அடிக்குது," என்றான்.

"இலை அசையலீங்களே."

"நாண் பழசு."

"இது போகணும்னா வில்லு இன்னும் கனமா இருக்கணும். இழுக்கறவருக்கும் இருவது வயசு இருக்கணும்."

அவனுக்கு அது பிடிக்கவில்லை. முள் முனையை மாட்டி அம்பை விட்டான். அது ஒரு சாண் போனது. அவள் போய் அம்பைப் பிடித்து இழுத்தாள். வாழைநார் கிழிந்ததே தவிர அம்பு வரவில்லை.

மூன்றாவது முனையை அவளே எடுத்தாள். முழங்கை மயிரில் வைத்து லேசாக ஓட்டினாள். மயிர் உதிர்ந்தது. அவனிடம் நீட்டினாள்.

அம்பு போனதே தெரியவில்லை. மரத்துக்குப் பின்னால் வேலியில் சருகு சலசலத்தது.

"இதான்," என்றான் செங்கான். "இதான் வேணும்."

"கிட்ட வாங்கண்ணா."

இருவரும் மரத்தடியில் குந்தினார்கள். ஒல்லி முனை போன வழியில் இரண்டு பக்கமும் வாழைத்தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது. முள் முனை நின்ற இடம் காய்ந்து கிடந்தது.

"எந்த முனை பட்டதுக்குப் பின்னாடி போறது சுலபம்?" என்று கேட்டாள்.

"இதுக்குத்தான். சொட்டைப் பார்த்துக்கிட்டே போயிரலாம்."

"அதுக்கு?"

"அது கஷ்டம். அம்பே காயத்தை அடைச்சுக்குது பாரு. ரத்தம் வெளிய வராது."

"கஷ்டம்னா, போகவே முடியாதுங்களா?"

"முடியாம என்ன. சருகைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கணும். மடங்கின புல்லைப் பார்க்கணும். ஒரு பொழுது முழுக்க ஆகும். போகலாம்."

"போனீங்களா?"

செங்கான் அவளைப் பார்த்தான். அவள் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க?" என்றான்.

அவள் முள் முனை நின்ற இடத்தைத் தடவினாள்.

"தூறல் போட்டுச்சு," என்றான் செங்கான்.

அவள் அம்புக்கட்டையை ஆட்டிப் பார்த்தாள்.

"பொழுதும் சாஞ்சிருச்சு."

வாழைத்தண்ணி சொட்டியது.

"வீட்டுக்குப் போயிட்டேன், அம்மணி."

"ஏனுங்கண்ணா?"

அவன் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்தான். ஒடித்தான். மறுபடி ஒடித்தான்.

"முள்ளுதான் உள்ள இருக்குதே. அது எங்க போய் விழுந்தாலும், எவன் கண்டெடுத்தாலும், தலை எனக்குத்தான் வந்து சேரும்னு."

இதை அவன் தனக்குத்தானே கூட இதுவரை சொல்லிக்கொண்டதில்லை. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"அன்னைக்கு ரெண்டு உருண்டை களி தின்னேன். நல்லாத் தூங்கினேன்."

வெள்ளாத்தாள் மண்ணில் கையை ஊன்றினாள்.

"நீங்க முள்ளு கேட்டு வந்தப்ப நான் ஏன்னு கேக்கலீங்கண்ணா," என்றாள். "அப்பத்தான் பட்டறை என் கைக்கு வந்துச்சு. பொம்பளை அடிச்ச இரும்பை எவன் வாங்குவான்னு ஊரு சிரிச்சுது. நீங்கதான் முதல் ஆளு. போயிருவீங்களோன்னு பயம். வாயைத் தொறக்கல."

பிறகு எழுந்து போய் ஒல்லி முனைகளில் இன்னொன்றை எடுத்தாள். கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்ட உட்கார்ந்தாள்.

"இது எத்தனை நாழி ஆகும்?" என்று கேட்டான் செங்கான்.

"அதுக்குள்ள ஆளுங்க வர்றாங்க பாருங்க."

அவன் திரும்பினான். மேட்டுப் பாதையில் நாலு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் சடையன். நடுவில் இரண்டு பேர் கூடை ஒன்றைக் கம்பில் தொங்கவிட்டுத் தூக்கி வந்தார்கள். கடைசியில் தப்பட்டைக்காரன். தப்பட்டை முதுகில் கிடந்தது. அவன் அதை அடிக்கவில்லை.

கூடையைச் செங்கானின் காலடியில் இறக்கினார்கள். ஒரு பன்றித் தலை. பக்கத்தில் வாழையிலையில் சுற்றிய முன்தொடை.

சடையன் மடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். சீழும் ரத்தமும் காய்ந்த முள் முனை. கழுவாமலே தெரிந்தது, மூன்று கோடு.

"பள்ளத்துல படுத்துக் கெடந்துச்சு," என்றான் சடையன். "எந்திரிக்க முடியல. ஈட்டியால குத்தினோம். குத்தினது நாங்களா இருந்தாலும் உள்ள இருந்தது உன்னுது. வழக்கம் வழக்கந்தானே."

செங்கான் வாங்கவில்லை. சடையன் அவன் கையைப் பிடித்து முனையை வைத்து விரலை மடக்கிவிட்டான்.

"ஒரு தலைக்காக மூணு மாசம் எங்கூடப் பேசாம இருந்தியே செங்கா. இந்தா. இதுக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க."

கூட வந்த ஒருவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"வீட்டுக்குத்தான் கொண்டுபோனோம்," என்றான் தப்பட்டைக்காரன் மெதுவாக. "தெருமுனையிலயே நின்னுட்டோம். வாசல்ல பாவாயி மருந்து அரைச்சுக்கிட்டு இருந்தா."

"சொன்னீங்களா?" என்று கேட்டான் செங்கான்.

"நாங்க ஏன் சொல்றோம்?" என்றான் சடையன். "தலை யாருதோ அவன்தான் தெருவுல நடந்து வீட்டுக்குக் கொண்டுபோகணும். அதுவும் வழக்கந்தான்."

"தப்பட்டை?" என்றான் கம்பு பிடித்தவன்.

"நீ சும்மா இரு," என்றான் சடையன்.

அவர்கள் நாலு பேரும் வந்த வழியே போனார்கள். மேடு ஏறும்வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செங்கான் கூடைக்கு முன்னால் நின்றான். பன்றித் தலையின் ஒரு கண் பாதி திறந்திருந்தது. ஏழு நாள் பட்டினியில் கன்னம் ஒட்டியிருந்தது. இப்படி ஒட்டிய பன்றியை அவன் இதுவரை பார்த்ததில்லை. அவன் அடித்த மற்றவையெல்லாம் கொழுத்த முகத்தோடுதான் செத்தன.

"அம்மணி," என்றான்.

"சொல்லுங்க."

"இனி நான் எந்த முனையை எடுக்கட்டும்?"

வெள்ளாத்தாள் தீட்டிக்கொண்டிருந்ததைக் கல்லின்மேல் வைத்தாள். கொடியில் கிடந்த பழந்துணியை எடுத்து உதறினாள். அதை முறுக்கி வட்டமாகச் சுற்றிச் சும்மாடு ஆக்கினாள். கிட்ட வந்து, எட்டி, அவன் தலையில் வைத்து அழுத்தினாள்.

அவன் குனிந்தான். அவள் கூடையை ஒரு பக்கம் பிடித்தாள். இருவருமாகத் தூக்கி அவன் தலையில் ஏற்றினார்கள்.

தோட்டங்களுக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. யார் கண்ணிலும் படாமல் அவன் வீட்டுக் கொல்லைக்குப் போகலாம். செங்கான் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். அவளும் அவன் பார்த்ததைப் பார்த்தாள்.

அவன் தெருப் பக்கம் திரும்பினான்.

"நில்லுங்கண்ணா."

அவள் கூடைக்குள் கைவிட்டு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள். முன்தொடையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். உலை நெருப்பு அணைய ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டாள்.

"நீ எதுக்கும்மா? பாவாயி உன்னையும் சேர்த்துத் திட்டுவா."

"தலை ஒண்ணு, தொடை ஒண்ணு. ஒரு ஆளா எப்படித் தூக்குவீங்க?"

ஒரு முழுக் கடமானைத் தனியாகத் தோளில் போட்டு மலை இறங்கியவன் அவன். அது அவளுக்கும் தெரியும்.

செங்கான் நடந்தான். தெருவில் இரண்டு பெண்கள் குடத்தோடு ஒதுங்கி நின்று, அவன் தலைமேல் இருந்ததைப் பார்த்தார்கள். பின்னால் பட்டறைக் கதவை வெறுமனே சாத்திவிட்டு வெள்ளாத்தாளும் போனாள்.