மிராசுதாருக்கு எடுத்த படம்

கொட்டாரக்குடியில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பஞ்சம் வர வேண்டுமானால் முதலில் அது அங்கே விளைந்திருக்க வேண்டும். அந்த ஊரில் மிராசுதார் வன்மீகநாதப் பிள்ளை இருந்தார். நல்ல கறுப்பு நிறம், பஞ்சுபோல் வெளுத்த தலை, ஊர் முழுக்க நிலம். கல்யாணம் மட்டும் ஆகவில்லை.

கடைசியாக அரசங்காட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் பெயர் தையல்நாயகி. அவளுக்கும் வயது கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. முதலில் படம் அனுப்புங்கள், பிடித்தால் நேரில் வருகிறோம் என்று பெண்ணின் அண்ணன் சட்டநாதன் சொல்லியனுப்பினார்.

மிராசுதார் தன் காரியஸ்தர் சிங்காரத்தைக் கூப்பிட்டார்.

“இந்தத் தடவையும் தட்டிப்போச்சுன்னா உனக்கு இங்கே வேலை இல்லை.”

சிங்காரத்துக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. இந்த வேலையும் தெரியாது என்பது இதுவரை வெளியே தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். உடனே கும்பகோணத்திலிருந்து படக்காரர் தாவீதை வரவழைத்தார்.

தாவீது ஒரு பெரிய மரப்பெட்டியோடு வந்து இறங்கினார். மூன்று கால், நடுவே துருத்தி, முன்னால் ஒரு கண், பின்னால் உருவம் விழும் தேய்த்த கண்ணாடி, அதன்மேல் ஒரு கறுப்புத் துணி. மிராசுதாரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, “வேணும்னா நீங்களும் பாருங்க” என்று சிங்காரத்தைத் துணிக்குள் விட்டார்.

உள்ளே போன சிங்காரம் அலறிக்கொண்டு வெளியே வந்தார். “எஜமான் தலைகீழாத் தொங்குறாரு!”

வண்டிக்காரர் மருதையும் சமையல்காரர் கலியனும் ஓடிவந்து ஆளுக்கொரு தரம் எட்டிப் பார்த்தார்கள்.

“தலைகீழா இருந்தும் வேட்டி விலகல பாத்தீங்களா?” என்றார் மருதை பக்தியோடு. “பெரிய குடும்பம்னா சும்மாவா?”

“பொண்ணு வீட்டுக்காரங்க தப்பா நினைப்பாங்களே. இங்கே இவரைத் தலைகீழாக் கட்டிட்டா அங்கே நேராயிடுவாரு” என்று கலியன் கயிறு எடுக்கப் போனார்.

படக்காரர் நடுவில் விழுந்து தடுத்தார். கடைசியில் அது தானாக நேராகிவிடும் என்று சத்தியம் பண்ணினார். பிறகு மிராசுதாரிடம், “நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது” என்று சொல்லி மூடியைத் திறந்தார், மூடினார். பிலிமைக் கழுவ நெல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அசையலாம் என்று சொல்ல மறந்துவிட்டார்.

மிராசுதார் அசையவில்லை. மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது.

“ஈயை அடிச்சா எஜமான் அசைவாரு” என்றார் சிங்காரம்.

“ஈயையும் அசையாம இருக்கச் சொல்லிடலாம்” என்றார் மருதை. சொன்னார்கள். ஈ கேட்கவில்லை.

சாப்பாட்டு வேளை வந்தது. மெல்லுவதும் அசைவுதான் என்று முடிவாகி, கலியன் சாம்பார் வாளியை எஜமானின் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். வாசனையாவது உள்ளே போகட்டுமே! மாலையில் தாவீது காய்ந்த பிலிமோடு வெளியே வந்து, “ஐயையோ, இன்னுமா உட்கார்ந்திருக்கீங்க?” என்று கேட்ட பிறகுதான் மிராசுதார் மூச்சையே நன்றாக விட்டார்.

சிங்காரம் பிலிமை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கறுத்த முகம் பளிச்சென்று வெளுத்திருந்தது. நரைத்த தலை கருகருவென்று இருந்தது.

“இது நெகட்டிவுங்க. இதை வச்சுத்தான் அசல் படம் போடணும். அதுல எல்லாம் மாறி வரும்” என்றார் தாவீது.

“மாறி வருமா? இவ்வளவு லட்சணமா வந்ததை எதுக்கய்யா கெடுக்கறீர்? இதையே அனுப்பும்!” என்றார் சிங்காரம்.

“வெள்ளை வேட்டி கறுப்பா இருக்கே” என்றார் கலியன்.

“மலைக்கு மாலை போட்டிருக்காருன்னு நினைப்பாங்க.”

“கண்மணி வெள்ளையா இருக்கே?”

சிங்காரம் கொஞ்சம் யோசித்தார். “அதுதான் கருணை.”

தாவீது தலையில் அடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். பிலிம் அரசங்காட்டுக்குப் போனது. அவர்களுக்குப் பிடித்துவிட்டது; பெண்ணையும் கூட்டிக்கொண்டு நேரில் வருவதாகத் தகவல் வந்தது.

அப்போதுதான் சிங்காரத்துக்கு உறைத்தது. படத்தில் இருப்பவரை இனி எங்கே போய்த் தேடுவது? வேலை போய்விடும். மூவரும் கூடிப் பேசி, படத்தை மாற்ற முடியாததால் எஜமானை மாற்றுவது என்று தீர்மானித்தார்கள். முகத்துக்கு அரிசிமாவு. தலைக்கு விளக்கெண்ணெயில் குழைத்த அடுப்புக்கரி. இடுப்புக்குக் கறுப்பு வேட்டி.

“கண்ணு?” என்றார் கலியன்.

“எஜமான், கண்மணியை மேலே சொருகிக்குங்க” என்றார் சிங்காரம்.

பெண்வீட்டார் வந்தபோது மிராசுதார் வெள்ளை விழியோடு வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார். வெயில் ஏற ஏறக் கரி வழிந்து மாவில் கோடு போட்டது. தையல்நாயகி பிலிமைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி பிலிமைப் பார்த்தாள். பிறகு சிங்காரத்திடம் கேட்டாள்.

“இந்தப் படத்துல இருக்கிறவர் கோபப்படுவாரா?”

“படம் எங்கேம்மா கோபப்படும்?”

“குறட்டை?”

“கிடையவே கிடையாது.”

“குழம்புல உப்பு இல்லேன்னா?”

“வாயே திறக்க மாட்டாரு.”

“அப்ப எனக்கு இவரையே பிடிச்சிருக்கு” என்று அவள் பிலிமை முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சட்டநாதன் தொண்டையைக் கனைத்தார். “நிலபுலன்?”

வேலை தப்பினால் போதும் என்றிருந்த சிங்காரம் முந்திக்கொண்டார். “படத்துல இருக்கிறதும் எஜமான்தானே? எல்லாம் இவருக்குத்தான்.”

அவர் பயந்துகொண்டே எஜமானைப் பார்த்தார். மிராசுதாரின் சொருகிய கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

“சிங்காரம், என் மூஞ்சியைப் பிடிச்சிருக்குன்னு இதுவரைக்கும் யாருமே சொன்னதில்லைடா!”

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பிலிமை மணையில் நிறுத்தி மாலை போட்டார்கள். மருதை விசிறினார். தாலி முடிச்சை நாத்தனார் முறையில் ஓர் அம்மாள் போட்டுவிட்டாள். மணப்பெண்ணுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

விருந்தில் மிராசுதார் கடைசிப் பந்தியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பாயசத்தை ருசித்துக்கொண்டிருந்தார். பக்கத்து இலையில் இருந்த அரசங்காட்டுக்காரர் மரியாதையாகக் கேட்டார்: “ஐயா, மாப்பிள்ளைக்கு என்ன முறை வேணும்?”

வன்மீகநாதப் பிள்ளை இலையில் மிச்சமிருந்த பாயசத்தை வழித்தார்.

“முறையெல்லாம் இல்லீங்க. ரொம்ப நாளா முகம் பார்த்த பழக்கம்.”