பெத்தவ எடுத்த கையுறை

ஏழு கடலுக்கு அந்தாண்ட, பனி கொட்டுற ஒரு சீமையில ஒரு பெரிய ராணி இருந்தாளாம். ரோஹேசான்னு பேரு. சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கிக்கும். புருஷன் ராஜா போய்ச் சேர்ந்ததும் கன்னியாஸ்திரீ மடத்துல போய் உக்காந்துட்டா. ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க. மூத்தவன் கில்பர்ட் பட்டத்துக்கு வந்தான், வந்த கையோட காய்ச்சல்ல போயிட்டான். அடுத்த ராஜா அவன் மகன் வாரின், இன்னும் பால்பல்லுகூட விழல. அந்தச் சீமையில அப்படித்தான், அண்ணன் போனா அண்ணன் மகன், அப்புறந்தான் தம்பி.

தம்பிக்காரன் ஹாமலினுக்குப் பொறுக்குமா? "சித்தப்பா நான் பாத்துக்கிறேன்"னு புள்ளையத் தூக்கிட்டுப் போயி ஆத்தோரக் கோபுரத்துல வெச்சுப் பூட்டிப்புட்டான். பூட்டிட்டு, சபையக் கூட்டி, புனிதரோட எலும்பு வெச்ச பேழை மேல கையடிச்சு, "எங்கண்ணன் எங்கப்பாவுக்குப் பொறக்கல! எங்கம்மாவே எங்கிட்டச் சொன்னா. இதுல அவ வார்த்தைதான் சத்தியம்"னு சொன்னான்.

அடப்பாவி! ஒரு நாற்காலிக்காகப் பெத்தவளையா அப்படிச் சொல்லுவ? அவமானத்துல கிழவி மடத்தை விட்டு வெளிய தலைகாட்ட மாட்டான்னு அவனுக்கு அம்புட்டுத் தைரியம்.

மடத்துல கஞ்சி குடிச்சிட்டிருந்த ராணிகிட்ட வேலைக்காரி வந்து அழுதுகிட்டே சொன்னா. கிண்ணம் கீழ விழுந்துச்சு. "எம்புள்ளையா சொன்னான்?"ங்கிறா. ஆமாங்கிறா இவ. "ஹாமலினா சொன்னான்?" ஆமா தாயி. "பேழையத் தொட்டா சொன்னான்?" ஆமா தாயி. அப்புறம் கேட்டா, "பேரன் உசுரோட இருக்கானா?"

"சித்தப்பன் முடி சூட்டுற வரைக்கும் இருப்பான் தாயி. அதுக்கப்புறம்..."

"வண்டியக் கட்டு"ன்னா ராணி.

அந்தச் சீமையில ஒரு வழக்கம். முடி சூட்டுறதுக்கு முன்னால ஒரு வீரன் குதிரையிலயே கோயிலுக்குள்ள வந்து இரும்புக் கையுறையை மூணு எடத்துல தூக்கிப் போடுவான். "இவர் ராஜா இல்லங்கிறவன் இத எடுக்கட்டும்"பான். எடுத்தா அவனோட வாள் சண்டை போடணும்.

ஹாமலின் முடி சூட்டுற அன்னிக்கும் வீரன் வந்து வாசல்ல போட்டான். எல்லாரும் தரையப் பாத்தாங்க. நடுக் கூடத்துல போட்டான். ஒருத்தன் இருமக்கூட இல்ல. சிம்மாசனத்துக்கு முன்னால போட்டான். ஒரு சுருங்கின கை வந்து அத எடுத்துச்சு.

ஐயையோ, பெரிய ராணி! ஹாமலினுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. வீரன் குதிரையிலயே, "தாயி, உங்களோட நான் எப்படி வாள் வீசுறது?"ன்னு கேக்குறான்.

"வாள் எதுக்குப்பா, வாய் இருக்கே"ன்னு சொல்லிட்டு மகன் பக்கம் திரும்பினா. "நான் சொன்னேன்னு சொன்னியாமே. சரிடா, சொல்றேன். ரெண்டு பேர்ல ஒருத்தன் ராஜாவுக்குப் பொறக்கலதான். மூத்தவன் இல்ல. அது நீ."

ஒரு சீமாட்டி ராணி மூஞ்சியில காறித் துப்புனா. ராணி தொடைக்கக்கூட இல்ல.

"பொய்! கிழவி பொய் சொல்றா!"ன்னு கத்துறான் ஹாமலின்.

முடி சூட்ட வந்த பேராயர், ராஜா தலையில தடவ வெச்சிருந்த எண்ணெய்ச் சிமிழை மூடினாரு. "அவங்க வார்த்தைதான் சத்தியம்னு பேழை மேல கையடிச்சது நீங்கதானே?"ன்னாரு. அவ்ளோதான். புள்ளையக் கூட்டியாந்து முடி வெச்சு, அந்தக் கோபுரத்துலயே ஹாமலினைப் போட்டுப் பூட்டுனாங்க, செத்தாத்தான் வெளியன்னு.

வண்டியில போறப்ப வாரின் கேட்டான், "அப்பத்தா, சித்தப்பா நெசமாவே தாத்தா புள்ள இல்லியா?"

ராணிக்குக் கண்ணு ரொம்பிப் போச்சு. "உங்க தாத்தாவை உரிச்சு வெச்சவன்டா அவன்"னா. "அந்த மனுசனைத் தவிர வேற ஒரு ஆம்பள விரலை நான் தொட்டதில்ல."

புள்ள திருதிருன்னு முழிச்சான். நீங்களும் ஏன் இப்படி முழிக்கிறீங்க? பெத்தவ மேல பழி போட்டு ஏறினவனுக்கு அவ வாயாலதான் இறக்கம். அந்தச் சீமைப் பனி அங்கயே கொட்டட்டும், நீங்க போர்வைய இழுத்துப் போத்துங்க.