பங்குனியில் பூக்கும் காத்தமுத்து

இந்தக் கதையில் சிரிக்க ஓர் இடம் நிச்சயம் இருக்கிறது. அது எங்கே என்று இப்போதே சொல்லிவிட்டால் மிச்சத்தை யார் படிப்பது? முதலில் காத்தமுத்துவின் கவலையைக் கேளுங்கள். சிரிப்பு எங்கேயும் ஓடிவிடாது.

பூலானூர் காத்தமுத்துவுக்கு முப்பத்தோரு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆள் பார்க்க லட்சணமாகத்தான் இருப்பான். வாயைத் திறந்தால்தான் வினை. முதல் பெண்ணின் அப்பா, "ஏதாவது கேக்கணும்னா கூச்சப்படாம கேளுங்க தம்பி" என்றார். கூச்சப்படாமல் இன்னும் நாலு பஜ்ஜி கேட்டான். அடுத்த வீட்டில், "உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்றார்கள். நினைத்துக்கொண்டு, "அப்ப நீங்கள்லாம் எப்பக் கிளம்புறீங்க?" என்றான்.

மூன்றாவது இடம் பேசும்போது தரகர் வெள்ளையன் கையெடுத்துக் கும்பிட்டார். "பங்குனியில மலைத் தோட்டத்துல பூ நல்லாப் பூத்திருக்கும். பொண்ணு வீட்டுக்காரங்களும் பூப்பாக்க அங்கதான் வர்றாங்க. பொண்ணு பேரு போதுமணி. மத்ததை நான் பேசிக்கிறேன். மாப்பிள்ளை மட்டும் மரம் மாதிரி நிக்கட்டும். இதுவும் தட்டிப்போனா நான் தரகையே விட்டுர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்துக்குள் மூன்று பேர் நுழைந்தார்கள். காத்தமுத்து, அவன் தாய்மாமன் சீனிராசு, கூட்டாளி பொன்னழகு. தரகர் பெண் வீட்டாரைக் கூட்டிவரப் போயிருந்தார்.

ஒரு நல்ல இடமாகப் பார்த்து காத்தமுத்து நின்றான். இரண்டு கைகளையும் கிளை போல விரித்துக்கொண்டான்.

மாமா சுற்றிவந்து பார்த்தார். "ஒண்ணு குறையுதேப்பா. இங்க எல்லா மரத்துக்கும் போர்டு வெச்சிருக்கான்."

பொன்னழகு மிக்சர் வாங்கிய அட்டைப்பெட்டியைக் கிழித்தான். பெயர், காத்தமுத்து. பூர்வீகம், பூலானூர். அதுவரை சிக்கல் இல்லை. பக்கத்து மரத்தில் பூக்கும் மாதமும் போட்டிருந்தது.

"இவன் எப்ப மாமா பூப்பான்?"

மாமா ரொம்ப நேரம் யோசித்தார். "பங்குனின்னு போடு. போன உத்திரத்துக்குத்தான் கழுத்துல மாலை போட்டிருந்தான்."

"இது பங்குனிதானே. பூ எங்க?"

நியாயமான கேள்வி. கீழே உதிர்ந்து கிடந்த மஞ்சள் பூவை எடுத்துக் காத்தமுத்துவின் காதில் செருகினார்கள். அட்டை கழுத்தில் தொங்கியது. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு வந்த தோட்டக்காரர் போர்டைப் பார்த்தார், குழாயை இவன் காலடியிலும் ஐந்து நிமிடம் பிடித்துவிட்டுப் போனார். கணுக்கால் வரைக்கும் சேறு. காத்தமுத்து மூச்சுவிடவில்லை.

அப்போது சுடிதார் போட்ட ஒரு பெண்ணும் அவள் சித்தியும் வந்தார்கள். பெண் பார்க்கிற அன்றைக்குப் பெண் பட்டுச்சேலையில் வரும் என்பது காத்தமுத்துவுக்குத் தெரியும். அதனால் இது யாரோ என்று விட்டுவிட்டான்.

அந்தப் பெண் போர்டை ஒருதரம் படித்தாள். மறுபடியும் படித்தாள். சித்தியைக் கிள்ளினாள்.

"பெரியவரே, இந்த மரம் பேசுமா?"

"பேசாதும்மா. பேசக் கூடாதுன்னுதான் நிறுத்தியிருக்கோம்" என்றார் மாமா.

"பூச்சி ஏதும் விழுந்திருக்கா?"

"சின்னதுல அம்மை வந்துச்சு. அதோட சரி."

"சாராயம் ஊத்துனா குடிக்குமா?"

"மோர்தாம்மா. உப்புப் போட்டு."

"வேற ஊர் மண்ணுல நட்டா பிடிச்சுக்குமா? அடுப்படிப் பக்கம் நடலாம்னு பாக்கறேன்."

பொன்னழகு குறுக்கே வந்தான். "இது குடுக்கறதுக்கு இல்லைங்க. ஒரு பொண்ணுக்குன்னு பேசி வெச்சிருக்கு."

"அந்தப் பொண்ணுக்குக் குடுத்துவெச்சிருக்கணும்" என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்து ஒரு எறும்பு காத்தமுத்துவின் மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் முட்டியது. அவள் கைக்குட்டையால் மெதுவாக அதைத் தட்டிவிட்டாள். காத்தமுத்துவுக்கு வரப்போகிற பொண்ணு இவளாகவே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. என்ன செய்வது, பட்டுச்சேலை இல்லையே.

அவள் பேனாவை எடுத்துப் போர்டின் அடியில் ஏதோ எழுதினாள். சித்தியும் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் போனார்கள்.

மாமா எழுத்துக் கூட்டிப் படித்தார். "மரம் பிடித்திருக்கிறது. வேரோடு வந்தால் சந்தோஷம். அப்பாவும் தரகரும் வாசல் டீக்கடையில் இருக்கிறார்கள். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவோம். போதுமணி."

"அநியாயமால்ல இருக்கு" என்றான் பொன்னழகு. "நம்ம போதுமணிக்குப் பேசுன மரத்தை இன்னொரு போதுமணி வந்து கேக்குது."

"அதுக்கும் ஒரு அப்பா, ஒரு தரகர் பாரு" என்றார் மாமா. "ஒரே நாள்ல ஒரே தோட்டத்துல ரெண்டு கோஷ்டி. இப்ப மணி என்ன?"

"மூணு அம்பது."

காத்தமுத்துவின் தலைக்குள் மெதுவாக ஏதோ நகர்ந்தது. போதுமணி. அப்பா. தரகர். கைக்குட்டை. விரிந்திருந்த கிளைகள் இரண்டும் தொப்பென்று இறங்கின.

"மாமா, அவதான் மாமா பொண்ணு."

சொல்லிக்கொண்டே சேற்றிலிருந்து ஒரு காலை உருவினான்.

"காலைக் கீழ வைடா" என்று அவன் முழங்காலைக் கட்டிப் பிடித்தார் மாமா. "வேரோடன்னு எழுதியிருக்கு. பொன்னழகு, அந்தத் தோட்டக்காரர்கிட்ட மம்பட்டி வாங்கிட்டு ஓடியா. சுத்தித் தோண்டித்தான் எடுக்கணும்."