பவுன்தலையனின் ஒற்றைக் கூடு

ஒரு காட்டில், ஆற்றுக்கு மேல் சாய்ந்து நின்ற கருவேலமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. குழந்தைகளே, அந்தக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி பாதிக் கூடு கட்டியதும் பெட்டை வந்து இழுத்துப் பார்க்கும். பிடித்தால் குடிவரும், பிடிக்காவிட்டால் பறந்துவிடும். புல் பச்சையாக இருக்கும்வரைதான் நார் உரியும். அதற்குள் கூடு அமையாத ஆணுக்கு அந்த வருடம் குஞ்சும் இல்லை, குடும்பமும் இல்லை.

பவுன்தலையன் என்ற குருவிக்குத் தன்னைப் போல் கெட்டிக்காரன் எவனுமில்லை என்று நினைப்பு. அவன் மட்டும் தன் கூட்டருகே ஒரு பெட்டையையும் விடவில்லை. காட்டினால்தானே வேண்டாம் என்பார்கள்?

பக்கத்துக் கிளைக்காரன் நார்வாயன். அவனுடைய முதல் கூட்டை ஒரு பெட்டை இழுத்ததும், கிளையில் போட்ட முடிச்சு அவிழ்ந்து கூடு ஆற்றில் விழுந்தது.

"என்னடா, மானம் ஆத்தோட போச்சா?" என்றான் பவுன்தலையன்.

"மானம் போகலைண்ணே, முடிச்சுதான் போச்சு" என்று நார்வாயன் மறுபடி புல் உரிக்கப் போனான்.

இரண்டாவது கூட்டின் முடிச்சு நின்றது. ஆனால் வாசல் காற்றுக்கு எதிரே இருந்ததால் வந்தவள் முகம் சுளித்தாள். மூன்றாவதற்கு, கூடு ஆடாமல் கனமாக நிற்க உள்ளே அப்பும் களிமண் போதவில்லை, காற்றில் தாறுமாறாக ஆடியது. அன்று நார்வாயன் ஒன்றும் தின்னாமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் வலிக்கத்தான் செய்தது. பவுன்தலையனுக்கோ சிரிப்பு தாளவில்லை.

"மூணு தடவையா? நானா இருந்தா வெளியே தலைகாட்ட மாட்டேன்."

"காட்டினாத்தானே எங்கே ஓட்டைன்னு தெரியும்?" என்றான் நார்வாயன்.

நாலாவது கூட்டுக்கு ஒருத்தி வந்தாள். இழுத்தாள், உள்ளே புகுந்து அமுக்கிப் பார்த்தாள், அங்கேயே தங்கிவிட்டாள்.

அப்போதுதான் பவுன்தலையனுக்கு உறைத்தது. புல் முற்றத் தொடங்கிவிட்டது. துணை தேடி மிச்சமிருந்தவள் ஒரே ஒரு பெட்டை. அவளை அழைத்தான்.

"ஆற அமரக் கட்டினது. பழுதே கிடையாது, வந்து பாரு."

அவள் ஒரு நாரைத்தான் இழுத்தாள். கூடு தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தது. முதல் கூட்டில் எல்லாருக்கும் அவிழ்கிற அதே முடிச்சு.

நார்வாயன் ஓடோடி வந்தான். "அண்ணே, மேட்டுப் பக்கம் இன்னும் பச்சைப் புல் இருக்கு. முடிச்சை நான் சொல்லித்தரேன். நாலு நாள் பொறுக்கிறேன்னு அவளும் சொல்றா."

"ரெண்டாவது கூடா? நானா?" என்றான் பவுன்தலையன். "என் முடிச்சில் ஒரு குறையும் இல்லை. இந்த வருஷம் புல்லுதான் சரியில்லை."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாலு நாள் பார்த்துவிட்டு அந்தப் பெட்டை பறந்துபோனாள். சரியில்லாத அந்தப் புல்லில் கட்டிய பதினேழு கூடுகளிலும் குஞ்சுகள் கத்தின. பவுன்தலையன் மொட்டைக் கிளையில் மழையில் நனைந்தபடி, புல்லைத் திட்டிக்கொண்டிருந்தான்.

நீதி: தோற்றுத் தோற்றுக் கற்றவன் நிலைப்பான், தோல்விக்கு அஞ்சி ஒளிந்தவன் முதல் தோல்வியிலேயே முடிந்துபோவான்.