கத்தக் கூடாத ஊர்

ஒரு ஊர்ல பேச்சின்னு ஒருத்தி இருந்தா. கடலோர ஊரு. கிணறெல்லாம் உப்பாப் போயி, சனங்க நாக்கு வறண்டு சாகக் கிடந்தாங்க. ம் சொல்லு... அப்போ வானத்துலேர்ந்து கண்ணாடி ஒடம்புக்காரங்க எறங்குனாங்க. கடல்தண்ணிய உறிஞ்சி, உப்பத் தாங்க தின்னுட்டு, நல்ல தண்ணிய சலசலன்னு ஊருக்கு விட்டாங்க. ஆனா பெருஞ்சத்தம் கேட்டா அவங்க ஒடம்பு படீர்னு வெடிச்சிரும். அதனால ஊர்ல யாரும் கத்தக் கூடாதுன்னு பேச்சாச்சு.

அப்புறம் பேச்சிக்கும் சோணைக்கும் கல்யாணம். மேளம் இல்ல, குலவை இல்ல. சரின்னு இருந்தா. அப்புறம் அவ ஆத்தா செத்துச்சு. முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு விக்கி விக்கி அழுதா. அதையும் பொறுத்துக்கிட்டா.

ம்... அப்புறம் ஒரு மத்தியானம். சோணை மண்சுவத்து நெழல்ல உக்காந்து வலையத் தச்சுக்கிட்டு இருந்தான். தெருவுக்கு இந்தப் பக்கம் பேச்சி. அவ காலடியில ஒரு கண்ணாடிப் புள்ள, குனிஞ்சு எறும்பப் பாத்துக்கிட்டு இருக்கு. அப்போ சுவரு நறநறன்னு சாயுது. அவனுக்குத் தெரியல. "எந்திரிய்யா"ன்னு ஒரு கத்து போதும். வாயத் தொறந்தா. புள்ளையப் பாத்தா. வாய மூடிக்கிட்டு ஓடுனா, ஓடுனா... அதுக்குள்ள சுவரு பொதபொதன்னு அவன் மேல சரிஞ்சிருச்சு.

மண்ணக் கையால பறிச்சா. சோணை மூச்சு நின்னு போச்சு.

அப்போ அந்தப் புள்ளையோட தாய் வந்து நின்னுச்சு. காத்து மாதிரி மெல்லக் கேட்டுச்சு: "ஏன் கத்தல?"

"ஒன் புள்ள நின்னுச்சே."

"இப்ப ஒனக்கு என்ன வேணும்?"

"எம் புருசன நெனச்சு வாய்விட்டு அழணும்."

அது தன் சனத்துக்கிட்டப் போச்சு. கண்ணாடி ஒடம்புக்காரங்க எல்லாரும் எந்திரிச்சு, சத்தம் எட்டாத ஆழத்துக்கு, தளக் தளக்குனு கடலுக்குள்ள எறங்கிப் போனாங்க. தண்ணி நின்னுச்சு. "அவங்க திரும்பலேன்னா நம்ம கதி?"ன்னு ஊரே நடுங்குச்சு.

பேச்சி யாரையும் பாக்கல. சோணை தலைய மடியில வச்சுக்கிட்டு, "எஞ்சாமீ"ன்னு கத்துனா பாரு, ஊரே அதிர்ந்துச்சு. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி கத்துனா. அப்புறம் ஒவ்வொருத்தரும், அத்தனை வருசமா முழுங்குன சாவுக்கெல்லாம் சேத்து, "ஓ"ன்னு அழுதாங்க.

பொழுது சாய, அவங்க கரையேறி வந்தாங்க. ஊரு கப்சிப்புன்னு ஆச்சு. தண்ணி சலசலன்னு வந்துச்சு. அந்தத் தாய் பேச்சிகிட்ட வந்துச்சு.

"அழுது முடிஞ்சுதா?"

பேச்சிக்குத் தொண்டை கட்டிப் போச்சு.

"இல்ல"ன்னா, மெதுவா.

அம்புட்டுத்தேன் கண்ணு. கதை அங்கேயே நிக்கட்டும், நீ கண்ண மூடிக்க.