சுவருக்கு அந்தப் பக்கம் முளைத்த புதினா

"அம்மா, என் தம்பி திருடன்."

வந்ததும் வராததுமாகப் பொன்னுரங்கம் இதைத்தான் சொன்னார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலில் கிடந்தது, இன்னொன்று காலிலேயே இருந்தது.

சாமியம்மா துவரம்பருப்பு டப்பாவில் காய்ந்த புதினாக் குச்சிகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். வண்டு வராமலிருக்க.

"என்னத்தைத் திருடினார்?"

"என் புதினாவை."

பொன்னுரங்கத்துக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதியவர். சாமியம்மாவுக்கு முப்பத்தெட்டு. காவி கிடையாது, மடம் கிடையாது. கொல்லிமலை அடிவாரத்தில் ஓட்டு வீடு ஒன்றும், உடைந்த வாளியில் புதினாவும், அடுப்பும்தான் இருந்தன. மகள் வயசுக்காரியிடம் புத்தி கேட்கப் போய் உட்காருகிறாரே என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர் புத்திசாலி.

நாலு மாசத்துக்கு முன்னால் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"மனசு எப்பத்தானுங்கம்மா அடங்கும்? ஆறு வருஷமா ராத்திரி படுத்தா அவன் மூஞ்சிதான் வருது."

அவன் என்றால் தம்பி தனுஷ்கோடி. பக்கத்து வீடு. நடுவில் ஒரு சுவர். சண்டைக்குக் காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு அச்சடித்தபோது தம்பி பேர் மேலே, அண்ணன் பேர் கீழே வந்துவிட்டது. அவ்வளவுதான். அதற்குத்தான் ஆறு வருஷம்.

அன்றைக்குச் சாமியம்மா எழுந்து வாளியருகே போனாள். வாளியிலிருந்து நாலு தண்டை வெட்டினாள். இலையையெல்லாம் உருவி டீயில் போட்டுக்கொண்டு, மொட்டைத் தண்டை அவர் கையில் கொடுத்தாள்.

"இதை நட்டு வளர்த்து எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவாங்க. சர்க்கரை வேண்டாம். எனக்குப் பிடிக்காது, உங்களுக்கும் ஆகாது. குடிச்சிட்டுப் பதில் சொல்றேன்."

இலையைத் தான் எடுத்துக்கொண்டு குச்சியைத் தருகிறாளே என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நட்டார். சுவர் ஓரமாக நட்டார். சுற்றி முள் வைத்தார். துவையலுக்கு நாலு இலை கிள்ளிய சொந்தப் பெண்டாட்டி மரகதத்தைத் திட்டித் தீர்த்தார்.

"இது அம்மா டீக்கு வெச்சதுடி. தொட்டே, கெட்ட கோபம் வரும்."

"நீங்களும் உங்க புதினாவும்," என்று மரகதம் போய்விட்டாள்.

இப்போது அந்தப் புதினாதான் திருட்டுப் போயிருந்தது.

"தம்பி சுவர் ஏறிக் குதிச்சாரா?" என்று கேட்டாள் சாமியம்மா.

"இல்லைங்க."

"அப்புறம்?"

பொன்னுரங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"புதினாதானுங்க குதிச்சிருக்கு. சுவருக்கு அடியில வேர் போயிருச்சு. ஒரு வாரமா அந்தப் பக்கமிருந்து புதினாச் சட்னி வாசனை. தாங்க முடியாம வாளியைக் கவுத்துப் போட்டு ஏறிப் பாத்தேன். காடு மாதிரி கெடக்குதுங்கம்மா!"

"உங்க பக்கம்?"

"பூ விட்டுச்சு. அப்புறம் குச்சியாயிருச்சு. நான் ஒரு இலைகூடப் பறிக்கலைங்க, சத்தியமா."

"அவங்க?"

"தினமும் பறிக்கறாங்க! சட்னி, டீ, துவையல். கொஞ்சமாவது வெக்கம் இருக்குதா?"

சாமியம்மா எழுந்தாள். வாளியருகே போய்ப் புதினாவின் நுனியைப் பட்டென்று கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். போன வாரம் கிள்ளிய இடத்தைக் காட்டினாள். அங்கே ஒன்றுக்கு இரண்டாகக் கிளைத்திருந்தது.

பொன்னுரங்கம் பார்த்தார். அவருக்கு ஒன்றும் ஏறவில்லை.

"அது உங்க செடிங்க. நான் என் செடியப் பத்திப் பேசறேன்."

"சரி. அது உங்க செடிதானே?"

"என்னுதேதான்!"

"அப்ப போய்ப் பறிச்சு டீ போட்டுக் கொண்டுவாங்க."

பொன்னுரங்கம் எழுந்தார். காலிலிருந்த செருப்போடு வாசல் செருப்பையும் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பதினோரு மணிக்குத் தம்பி வீட்டுக் கேட் முன்னால் நின்றார், கையில் பிளாஸ்க்கோடு. கொக்கியைத் தூக்கி இடதுபக்கம் தள்ளினால்தான் அந்தக் கேட் திறக்கும். கை தானாகத் தள்ளியது.

தனுஷ்கோடி வெளியே வந்தான். ஐம்பத்தெட்டு வயசு ஆள், பனியன் போட்டிருந்தான்.

"என்ன, பத்திரிகை வைக்க வந்தியா? என் பேரை எங்க போட்டிருக்கே?"

பொன்னுரங்கத்துக்குக் காது சூடானது. திரும்பிவிடலாம். திரும்பினால் டீ இல்லை. டீ இல்லையென்றால் பதில் இல்லை.

"புதினா வேணும்டா."

"உன் பக்கம்தான் முள்ளெல்லாம் வெச்சுக் காவல் காத்தியே?"

"செத்துப்போச்சு."

அதைச் சொல்ல ஆறு வருஷம் ஆனது மாதிரி இருந்தது.

உள்ளேயிருந்து தம்பி பெண்டாட்டி செண்பகம் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, மாமாவா? அது உங்க வீட்டுச் செடியா? தானா வந்துச்சுன்னு நெனச்சேனே!"

"எனக்குத் தெரியும்," என்றான் தனுஷ்கோடி. "பத்துத் தடவை பிடுங்கிப் போட்டேன். மறுபடி மறுபடி முளைக்குது. சரியான வீம்பு. யாரு நட்டதுன்னு மூஞ்சியிலேயே எழுதியிருந்துச்சு."

செண்பகம் களுக்கென்று சிரித்துவிட்டாள். பொன்னுரங்கம் முறைக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

"ஏன் வாசல்லயே நிக்கறே? வெயில்ல மண்டை காயுது. வா," என்றான் தம்பி.

சுவருக்கு அந்தப் பக்கம் முழங்கால் உயரம் புதினா. பொன்னுரங்கம் நுனியாகப் பார்த்துக் கிள்ளினார். கை முழுக்க வாசனை.

செண்பகம் டீப் பாத்திரத்தை எடுத்தாள்.

"தள்ளும்மா. நான் போடறேன்," என்றார் அவர்.

சாமியம்மா வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஐந்து மணி.

பிளாஸ்க்கை நீட்டினார். அது லேசாக இருந்தது. சாமியம்மா டம்ளரில் கவிழ்த்தாள். அடியில் கிடந்த ஒரு மடக்கும் ஒரு இலையும் விழுந்தன.

"இவ்வளவுதானா?"

"நாலு தடவை போட்டோமுங்க. பேசிட்டே தீந்துபோச்சு."

அவள் அந்த ஒரு மடக்கைக் குடித்தாள். முகம் கோணியது.

"சர்க்கரை வேண்டாம்னு சொன்னேனே? பாயசம் மாதிரி இருக்கு."

"அவன் மூணு ஸ்பூன் இல்லாமத் தொடமாட்டானுங்கம்மா."

சாமியம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சரி, குடிச்சாச்சு. உங்க கேள்வியைக் கேளுங்க."

பொன்னுரங்கம் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பாத்துக்கலாமுங்கம்மா. செண்பகம் வடை சுடுது, ஆறிப்போயிரும்."